யார் செய்தது என்று கேட்டால்

"எல்லாரும் சேந்துதான் செஞ்சோம்" என்று இன்றைக்கும் யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோயில் கமிட்டிக்காரர் சொன்னாலும் சரி, பாடசாலை அதிபர் சொன்னாலும் சரி. என் கடையின் ஹார்ட்போட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவள் நான். அந்தப் பக்கம் இருந்து சொன்னவள் ஒருத்திதான். அவள் பேரை எழுத மாட்டேன். எழுதினால், "ஏங்க்கா எம்பேர மட்டும் போட்டீங்க, மத்தவங்க பேரையும் போடுங்க" என்பாள். எரிச்சல் மூட்டுகிற அளவுக்கு நல்ல பிள்ளை.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் என் கடை. போட்டோக் கொப்பி, பாஸ்போட் சைஸ் படம், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது, லேமினேட் பண்ணுவது. பின்னால் ஹார்ட்போட் அடித்து மறைத்த ஒரு சின்ன அறை. அதில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, படம் எடுக்கத் தொங்கவிட்ட நீலத்துணி. அவள் குடும்பம் இருக்கும் தேயிலைத் தோட்டம் வட்டவளைக்கும் றொசல்லவுக்கும் நடுவில், ரோட்டிலிருந்து மேலே ஏற வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் போன் சிக்னல் கிடையாது. தண்ணீர் டேங்க் வரைக்கும் ஏறினால் கிடைக்கும், மழை பெய்தால் அதுவும் போய்விடும். அங்கே எந்த மாதத்தில் மழை பெய்யாது? அதனால் இன்டர்வியூ என்றால் என் கடைக்குத்தான் வருவாள். கொழும்புக் கம்பனிக்காரர்கள் எல்லாரும் அவளை அந்த நீலத்துணிக்கு முன்னால்தான் பார்த்தார்கள், அடையாள அட்டைப் படத்துக்கு உட்கார்ந்தவளைப் பார்ப்பதுபோல.

பத்து மணி இன்டர்வியூவுக்கு ஏழரைக்கே வந்து ஷட்டருக்கு முன்னால் நிற்பாள். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஷொப்பிங் பை. பைக்குள் சப்பாத்து. உள்ளே வந்ததும் காலைக் கழுவி, அட்டை கடித்த இடத்தைத் துடைத்து, சப்பாத்தைப் போட்டுக்கொள்வாள். லெப்டொப்பில் இடுப்புக்குக் கீழே தெரியாது பாப்பா, அவர்களுக்கென்ன உன் காலா தெரியப்போகிறது என்று ஒருநாள் சொன்னேன். "எனக்குத் தெரியும்லங்க்கா" என்றாள். பிறகு உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கிக்கொண்டே பிளேன்டீ குடிப்பாள். சப்பாத்தும் உள்ளங்கைச் சீனியுமாக அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும்.

அவள் படித்தது டிசைன். முதல்முறை சொன்னபோது, அப்படியானால் எனக்கு ஒரு சாரி பிளவுஸ் தைத்துத் தா என்று கேட்டுவிட்டேன். அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். போனில் ஒன்றைத் திறக்கிறோம். எதை முதலில் காட்ட வேண்டும், பொத்தான் எங்கே இருக்க வேண்டும், ஆட்கள் எந்த இடத்தில் தடுமாறி நிற்கிறார்கள், இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்து, அதற்கேற்ற மாதிரி வரைவது. அந்த வேலைக்குச் சான்றிதழ் மட்டும் போதாதாம். தான் செய்ததை ஸ்கிரீன் ஸ்கிரீனாக அடுக்கிக் காட்டி, ஏன் இப்படிச் செய்தேன், எங்கே பிழை விட்டேன், எப்படி மாற்றினேன் என்று கதையாகச் சொல்ல வேண்டுமாம். அதற்குத்தான் போர்ட்ஃபோலியோ என்று பேர். தன்னைத்தானே எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். உலகத்தில் யாருக்கு அது வராதோ, அவள் தேடிப்போய் அந்த வேலையைப் படித்திருந்தாள்.

வேலை கிடைத்தே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தது. அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவர் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகப் பாஸ்போட் எடுத்து வைத்திருந்தார். அதே நீலத்துணிக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தது நான்தான். தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, "மகளுக்கு ஒரு வேல கெடச்சிருச்சின்னா நான் ஏன் தங்கச்சி அங்கிட்டு போறேன்" என்றார். ஏஜென்சிக்காரன் தைப்பொங்கல் வரைக்கும் பொறுக்கிறேன் என்று சொல்லியிருந்தான். அதற்குள் மகளுக்கு வேலை கிடைத்தால் அம்மா போகமாட்டார். கிடைக்காவிட்டால் போய்விடுவார். விஷயம் அவ்வளவுதான். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும், அவளுக்கு வேலை தெரியாமல் இல்லை. என் கடைக்கு வருகிறவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். போனை எடுத்ததும் கட்டை விரல் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று. "அக்கா, அந்த தாத்தா இங்கிலீசு தெரியாம நிக்கல. பொத்தான் சாம்பல் கலர்ல இருக்கு, அது அவரு கண்ணுக்கே படல" என்பாள். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாகத் தெரிந்த ஆட்கள் எல்லாம் அவள் சொன்ன பிறகு பாவமாகத் தெரிந்தார்கள்.

அவள் போர்ட்ஃபோலியோவில் நல்ல வேலை என்றால் அவள் தோட்டத்துக்காகச் செய்ததுதான். நடமாடும் கிளினிக் வேன் எந்த நாள் தோட்டத்தின் எந்த டிவிசனுக்கு வருகிறது என்று போனில் பார்த்து நம்பர் எடுக்கிற மாதிரி ஒன்று. முதலில் வரைந்தபோது எல்லாரும் வைக்கிற மாதிரி முகப்புக்குப் போகிற பொத்தானாக ஒரு வீட்டுப் படம் வைத்திருந்தாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் எட்டுப் பேரிடம் போனைக் கொடுத்துப் பார்த்தாளாம். ஆறு பேர் கிளினிக்கை விட்டுவிட்டு அந்த வீட்டுப் படத்தையே அமுக்கியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், வீட்டுத் திட்டத்துக்குப் பேர் பதியிற இடம் என்று நினைத்தார்களாம். "இத அமுக்குனா எப்ப வீடு குடுப்பாங்க" என்று ஒரு அம்மா கேட்டாராம். அவள் அன்றைக்கே அந்தப் படத்தை எடுத்துவிட்டு கிளினிக் வேன் படத்தை வைத்தாள். கொழுந்து பறித்து வெடித்த விரல் தொட்டால் போன் கேட்பதில்லை என்று கண்டுபிடித்து, பொத்தானை இரண்டு மடங்கு பெரிதாக்கி, கட்டை விரலின் பக்கம் படுகிற மாதிரி அடியில் இறக்கினாள். டிசைன் தெரியாத எனக்கே கேட்டவுடன் கை தட்டத் தோன்றியது.

அந்தக் கதையை இன்டர்வியூவில் அவள் சொன்ன லட்சணத்தைக் கேளுங்கள். நான் அப்போது ஒரு ஜாதகத்தைக் கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். ஹார்ட்போட் சுவர், மூச்சு விட்டாலும் கேட்கும். இதில் உங்கள் பங்கு என்ன என்று ஆங்கிலத்தில் ஒருவர் கேட்டார். அவள் சொன்னாள்: வீட்டுப் படம் வைத்தது பிழை, அந்தப் பிழை என்னுடையது. வேன் படத்தைச் சொன்னது எங்கள் லயத்து அக்கா ஒருவர். பெரிய பொத்தான் அந்த அம்மாமார் கேட்டது. நிறம் ஸ்கூல் டீச்சர் சொன்னது. நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் செய்தோம். அவர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்றார். "நான் பிழை விட்டேன், பிறகு அவர்கள் சொன்னதை வரைந்தேன்" என்றாள்.

ஜாதகத்தை நான் தலைகீழாகக் கொப்பி அடித்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். பாப்பா, உனக்கு மூளை கீளை இருக்கிறதா? ஆறு பேரும் பேசாமல் வீட்டை அமுக்கிக்கொண்டிருந்தபோது ஏன் என்று கேட்டது யார்? வேன் படத்தை அந்த அக்கா தானாக வந்து சொன்னாரா, நீ கேட்டதால் சொன்னாரா? "நான் கேட்டேன்தான்" என்றாள், ஏதோ அடுத்த வீட்டுக் கோழியைத் திருடியதை ஒப்புக்கொள்கிற மாதிரி. அதை ஏன் சொல்லவில்லை என்றால், "கேக்குறது ஒரு வேலையாங்க்கா" என்கிறாள். அதுதானடி நீ படித்த வேலை?

தீபாவளிக்குள் நாலு இன்டர்வியூ. நாலும் இதே கதைதான். பிழையெல்லாம் தன் தலையில், நல்லதெல்லாம் ஊர் தலையில். நாலு பேரும் பண்பாக மெயில் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தார்: உங்கள் வேலைகள் சிறப்பாக உள்ளன, ஆனால் அவற்றில் உங்களுடைய பங்கு எது என்று எங்களால் அறிய முடியவில்லை. அதை அவள் எனக்கு வாசித்துக் காட்டி, "அவங்க சொல்றது சரிதாங்க்கா" என்றாள். யார் திட்டினாலும் சரி என்பாள்.

என் கடையிலும் அப்படித்தான். விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களிடம் அதைக் கொண்டு வா, இதைக் கொண்டு வா என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டுவிடும். ஒருநாள் சும்மா இருந்த நேரத்தில் ஒரு பெரிய தாளில் படம் வரைந்து ஒட்டினாள். பாஸ்போட் என்றால் இன்னின்ன பத்திரம், பிறப்புச் சான்றிதழ் என்றால் இன்னின்னது, எல்லாம் படமாக. எழுத்து வாசிக்காதவர்களும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சரியான காகிதத்தோடு வந்தார்கள். கிராம சேவகர் ஒருவர் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது, அருமையாக இருக்கிறதே என்றார். "அக்காதான் ஐடியா குடுத்தாங்க, நான் வரைஞ்சேன்" என்றாள். நான் ஒரு ஐடியாவும் கொடுக்கவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டியபோது நானும் வெட்கமில்லாமல் தலையாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் ஆபீசிலிருந்து நிறைய ஆட்களை என் கடைக்கு அனுப்பினார்.

இன்னொரு நாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் நெஞ்சு உறுத்தும். மஸ்கெலியாவிலிருந்து வந்த ஒருவருக்கு முக்கால் மணிநேரம் இருந்து ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். கடைசியில் சேமிக்காமல் நானே மூடிவிட்டேன். எல்லாம் போய்விட்டது. மனுசன் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கத்த ஆரம்பித்தார். யார் அழித்தது என்று மேசையில் தட்டினார். அவள் பின்னறையிலிருந்து வந்து, "நான்தாங்க தெரியாம அமத்திட்டேன், மன்னிச்சிக்கங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், சின்னப் பிள்ளை என்று குரலை இறக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகுதான், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவளையே திட்டினேன். "அவரு கத்துறத நிப்பாட்டணும்லங்க்கா. யாராச்சும் ஒராளு சொன்னாத்தான் நிக்கும்" என்றாள்.

எனக்கு அது பிடிபடவே இல்லை. ஒருநாள் மழைக்கு ஆட்கள் இல்லாத நேரம், உட்காரவைத்துக் கேட்டேன். நல்லதைச் செய்தவள் நான் என்று சொல்ல உனக்கு என்ன கஷ்டம்?

"யாரு செஞ்சதுன்னு கேட்டாலே எனக்கு தரையத்தாங்க்கா பாக்கத் தோணுது" என்றாள். "எங்க தோட்டத்துல நல்லது நடந்தா யாரும் அப்புடி கேக்கமாட்டாங்க. இத யாரு செஞ்சதுன்னு கேட்டா, அன்னைக்கி யாருக்கோ அரைப் பேருதான்."

அரைப் பேர் என்றால் முழு நாளும் வேலை செய்துவிட்டு அரை நாள் என்று பதிவாவது. அவள் அம்மாவின் கதை ஒன்றைச் சொன்னாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு படங்குச் சாக்கில் பறிக்கக்கூடாத முத்தல் இலை நிறையக் கிடந்திருக்கிறது. கணக்கப்பிள்ளை அதைத் தூக்கிக் காட்டி, இது யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். சொல்கிறவரைக்கும் யாருக்கும் நிறுக்கமாட்டேன் என்றாராம். மழை. எல்லாரும் நனைந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது கண் மங்கிய ஒரு வயசாளி எடுத்த கொழுந்து, எல்லாருக்கும் தெரியும். கடைசியில் அம்மா, "நான்தாங்க" என்றார். நிறுவை தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடு வீட்டுக்குப் போக வந்து நின்ற இவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அம்மாவுக்கு அரைப் பேராம்.

அதைக் கேட்டு நான் இளகியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. கணக்கப்பிள்ளை கேட்பதும் கொழும்புக்காரன் கேட்பதும் ஒன்றா? இவன் கேட்பது தட்டிக்கொடுக்க. அங்கே வாயை மூடுவது சரி, இங்கே வாயை மூடினால் உன் அம்மாதான் பிளேன் ஏறுவார் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் சொன்னேன்.

மார்கழியில் ஒரு கம்பனி இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டது. ஊரிலிருந்தே செய்கிற வேலை, என் பின்னறையில் உட்கார்ந்து செய்யலாம், வாரத்துக்கு ஒருநாள் கொழும்புக்குப் போனால் போதும். இதை விட்டால் பொங்கலுக்குள் வேறு எதுவும் வரப்போவதில்லை. ஒரு கிழமை முழுக்க நான் இன்டர்வியூ எடுத்தேன். எனக்கு டிசைன் தெரியாது, இங்கிலீசும் அரைகுறை. ஆனால் இதை யார் செய்தது என்று கேட்கத் தெரியும். நான் கேட்க, அவள் "நான் செஞ்சேன்" என்று சொல்ல வேண்டும். முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் நாள் தரையைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் நாள் சொல்லிவிட்டு, "அப்ப அந்த அக்காங்க?" என்றாள்.

"அவங்கள விடு."

"எப்புடிங்க்கா விடுறது? அவங்க வேல முடிஞ்சி வந்து, கால்கடுக்க நின்னு, எனக்காக அந்த போன அமத்திக்கிட்டு இருந்தாங்க. நான் மட்டும் செஞ்சேன்னு சொன்னா அது பொய்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு நியாயம் தேவைப்படவில்லை, வேலைதான் தேவைப்பட்டது. அவள் மறந்துவிடுவாள் என்று மூன்று பெரிய தாளில் தடித்த மார்க்கரால் எழுதினேன். வீட்டுப் படம்: நான் நீக்கினேன் என்று சொல்லு. பெரிய பொத்தான்: நான் செஞ்சேன் என்று சொல்லு. வேன் படம்: நான்தான் என்று சொல்லு. இன்டர்வியூ அன்று காலையில் லெப்டொப்புக்கு நேர் எதிரே, சுவரில் ஒட்டினேன். அவள் பார்த்துவிட்டு, வேண்டாங்க்கா என்றாள். எடுக்க வந்தவளின் கையைத் தட்டிவிட்டேன்.

மூன்று பேர் ஸ்கிரீனில். இரண்டு ஆண்கள், ஒரு பெண். பெண்ணின் பேச்சில் தமிழ்க்காரி என்று தெரிந்தது. எங்கள் பிள்ளை நன்றாகத்தான் தொடங்கினாள். வீட்டுப் படத்தை அமுக்கி எப்போது வீடு கிடைக்கும் என்று கேட்ட அம்மாவின் கதையைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பு, பிறகு இன்னும் சொல்லுங்கள் என்றார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது, எனக்கே விளங்கியது. நான் இந்தப் பக்கம் மெசினை நிறுத்திவிட்டு நின்றேன். அப்போது ஒரு ஆண் கேட்டார், மிக முக்கியமான முடிவு இது, இதை எடுத்தது யார்?

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நின்றேன். சொல்லு, சுவரில் இருக்கிறது, பார்த்துச் சொல்லு. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது எங்கள் தோட்டத்து அக்காமார், என்று ஆரம்பித்தாள்.

எனக்கு என்ன பிடித்தது என்று தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் தோளுக்கு மேலால் குனிந்து என் உடைந்த இங்கிலீசில், இவள்தான் செய்தாள், எல்லாம் இவள்தான், நான் பார்த்தேன் என்று அந்த மூன்று முகத்துக்கும் சொன்னேன். விரலை நீட்டி வேறு காட்டினேன்.

கேள்வி கேட்டவர் மெதுவாக, உங்களோடு ஆரம்பத்திலிருந்தே ஒருவர் இருக்கிறாரா என்றார். பிறகு, தயவுசெய்து கேமராவைத் திருப்பி அறையைக் காட்ட முடியுமா என்றார். அவள் என்னைப் பார்த்தாள். லெப்டொப்பைத் திருப்பினாள். மூன்று தாளும் பளிச்சென்று தெரிந்திருக்கும், என் எழுத்து அவ்வளவு பெரிது. தமிழ்க்காரி அதை ஒவ்வொன்றாக வாசித்து மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் செய்தேன் என்று சொல், நான்தான் என்று சொல். நானும் கேட்டேன். வேறு ஒருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான், அப்படி எழுதிவைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது அந்த வேலையைச் செய்யாதவள்தான் என்று எனக்கு உறைத்தது.

அந்தப் பெண் நல்லவள். பிள்ளைக்கு ஒரு வழி விட்டாள். தமிழிலேயே, மெதுவாகக் கேட்டாள், "இதை யார் செய்தது? உங்களைக் கேட்காமல் வேறு யாராவது ஒட்டினார்களா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நான் பக்கத்தில்தான் நின்றேன். இங்கிலீசும் தேவையில்லை, தமிழில்தான் கேட்டாள். என் வாய் திறக்கவில்லை.

அவள் லெப்டொப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்து, "நான்தாங்க ஒட்டுனேன்" என்றாள். "அக்காவ வரச்சொன்னதும் நான்தான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." ஒரு கிழமை முழுக்க நான் சொல்லிக்கொடுத்தும் வராத அந்தக் குரல், ஒரு தடுமாற்றம் இல்லாமல் வந்தது.

அவர்கள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். அவள் தாள்களைக் கிழியாமல் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள். சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அழவில்லை. நான்தான் கத்தினேன், உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. அவள், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க்கா" என்று போனாள். அடுத்த கிழமை வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. போன் எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தது.

பொங்கல் முடிந்து நாலாம் நாள் அவள் அம்மா கடைக்கு வந்தார். புதுச் சேலை, கையில் பிளாஸ்டிக் கோப்பு. பாஸ்போட், விசா, மெடிக்கல் எல்லாம் கொப்பி எடுக்க வேண்டும், மறுநாள் விடிய வேன் வருகிறது என்றார். நான் வாங்கி மெசினில் வைத்தேன். அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினார்.

"அவ எல்லாம் சொன்னா தங்கச்சி. கடைசி எடத்துல அவதான் என்னமோ கிறுக்குத்தனமா பண்ணி கெடுத்துக்கிட்டாளாம். அக்கா எம்புட்டோ ஒத்தாசையா இருந்தாங்கம்மா, அவங்க பேச்ச நான் கேக்கலன்னு சொல்லி ஒரே அழுக. நீங்க கோவத்துல இருப்பீங்கன்னு வரமாட்டேங்குறா." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அவ மேல வருத்தம் வெச்சிக்காதீங்க. ரெண்டு வருசத்துல வந்துருவேன். அதுவரைக்கும் அவள கொஞ்சம் பாத்துக்கங்க."

மெசின் வெளிச்சம் அவர் படத்துக்குக் கீழே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. கடையில் வேறு ஆள் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மகளுக்கு நான் ஒரு கிழமை பாடம் எடுத்த அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கலாம்.

"எத்தன கொப்பிங்க்கா வேணும்?" என்று கேட்டேன்.

ரெண்டு என்றார்.